சயான் டிராயிங் மாஸ்டரின் ஞாயிறு வகுப்பு: யாருக்குச் சரிப்படும், யாருக்குச் சரிப்படாது

மும்பையில் தாராவி, சயான், மாட்டுங்கா பக்கம் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் ஆட்கள், ஜூன் மாதம் பிறந்தால் கேட்பது இதைத்தான்: "டிராயிங் கிரேடு எக்ஸாமுக்கு எந்த கிளாஸ் நல்லா இருக்கு?" என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன வருஷத்திலிருந்து சயான் கிழக்கில் ஒரு மாஸ்டரின் ஞாயிறு வகுப்புக்குப் போய்வருகிறாள். நான் தாராவியில் தோல் பை பட்டறையில் பேட்டர்ன் வெட்டுகிறவன். ஓவியம் படித்தவன் இல்லை. ஆனால் கோடு, அளவு, வளைவு என்று நாள் முழுக்க அதிலேயே கிடப்பவன். அந்தக் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

மாஸ்டர் பெயரைப் போடவில்லை. கேட்டதற்கு, "போர்டு மாட்டவே இங்க சுவர் இல்ல தம்பி, நீ வேற கூட்டத்தைச் சேர்த்து விடாத" என்று சொல்லிவிட்டார். சயான் கிழக்கில் ஸ்டேஷனைத் தாண்டி, மாவு மில் இருக்கும் தெருவில் "டிராயிங் மாஸ்டர் வீடு" என்று கேட்டாலே கையைக் காட்டுவார்கள்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகப் பரீட்சையைப் பற்றி இரண்டு வரி. மகாராஷ்டிராவில் கலை இயக்குநரகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எலிமென்ட்ரி, இன்டர்மீடியட் என்று இரண்டு டிராயிங் தேர்வுகள் நடத்துகிறது. எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரைவது, நினைவிலிருந்து ஒரு காட்சி வரைவது, டிசைன், அப்புறம் ஜியோமெட்ரியும் எழுத்து வடிவமும். இன்டர்மீடியட்டில் ஏ கிரேடு வாங்கினால் மாநில போர்டின் பத்தாவது தேர்வில் 7 மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும். பி என்றால் 5, சி என்றால் 3. இந்த ஏழு மார்க்கை நம்பித்தான் சந்துக்குச் சந்து வகுப்புகள் ஓடுகின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அந்த ஏழுக்காகத்தான் சேர்த்தேன்.

எலிமென்ட்ரிக்கு அவள் வேறு ஒரு இடத்தில் படித்தாள். அது எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. ஏசி ரூம், சுவர் முழுக்க பழைய மாணவர்களின் சர்டிபிகேட். முதல் நாளே ஜெராக்ஸ் கட்டு ஒன்று கொடுத்தார்கள். பூக்காரி, பட்டம் விடும் பையன்கள், பஸ் ஸ்டாப். இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற அளவுக்கு வரைய வேண்டும். பரீட்சையில் என்ன தலைப்பு வந்தாலும் இதில் ஒன்றை வெட்டி ஒட்டிச் சமாளித்துவிடலாம். மார்க்கெட் வந்தால் பூக்காரி, திருவிழா வந்தால் பூக்காரிக்குப் பின்னால் ஒரு கோபுரம். அவளுக்கு பி கிரேடு கிடைத்தது. அந்த முறை வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செய்கிறது.

ஆனால் ஒரு நாள் வீட்டில் குக்கரை வைத்து, "இதை வரை பார்ப்போம்" என்றேன். அவளும் வரைந்தாள். குக்கர் முன்னாலேயே இருக்கிறது, ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெராக்ஸில் இருந்த குக்கரைத்தான் வரைந்தாள். கைப்பிடிகூட எங்கள் வீட்டுக் குக்கரின் கைப்பிடி இல்லை. எங்கள் தொழிலில் இப்படி வேலை செய்தால் பை வாடிக்கையாளரின் கைக்கு வராது, குடோனுக்குத்தான் போகும்.

அதற்கப்புறம்தான் இந்த மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் நம் பக்கம், பேச்சில் பாதி மராத்தி. வீட்டின் முன்னறைதான் வகுப்பு. பத்துப் பதினைந்து பிள்ளைகள் தரையில் பாயில் உட்கார்ந்து, தொடையில் போர்டை வைத்துக்கொண்டு வரைகிறார்கள். தமிழ், மராத்தி, குஜராத்தி எல்லாம் கலந்த கூட்டம்.

முதல் சில வாரம் பிள்ளைகளுக்கு ரப்பர் கிடையாது. தப்பான கோடு இருக்கட்டும், பக்கத்தில் சரியான கோட்டைப் போடு என்பார். எனக்கு இது முதலில் பிடிக்கவில்லை, தாள் அசிங்கமாக இருந்தது. கொஞ்ச நாளில் விஷயம் பிடிபட்டது. அழித்துவிட்டால் எவ்வளவு தள்ளிப் போட்டோம் என்பதே தெரியாமல் போகும். தப்பும் சரியும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் கண்ணே கணக்குப் போட்டுக்கொள்கிறது.

அவர் எடுத்த பாடங்களில் நான் கூடவே இருந்து பார்த்தது கும்பர்வாடா. தாராவியிலேயே குயவர்கள் இருக்கும் பகுதி, குஜராத்தின் சௌராஷ்டிரப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். எங்கள் பட்டறையிலிருந்து நடக்கிற தூரம்தான். பஞ்சுக் கழிவைப் போட்டு எரிக்கும் சூளைப் புகையைத் திட்டிக்கொண்டே அந்த வழியாகப் போவேனே தவிர, நின்று பார்த்ததில்லை. மாஸ்டர் பிள்ளைகளைக் கூட்டிப்போய், காயவைத்த பானை வரிசைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

பானை வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. வாயை முழு வட்டமாகப் போடும், அடியை ஸ்கேல் வைத்ததுபோல நேர்கோடாக இழுக்கும். பானை தரையில் இருக்கிறது என்பது மூளைக்குத் தெரியும், தரை தட்டை, அதனால் அடியும் தட்டை. மாஸ்டர் என் மகளை எழுப்பி, பானையின் வாய் கண்ணுக்கு நேராக வரும்வரை குனியச் சொன்னார். "இப்ப வாய் எப்படித் தெரியுது?" "கோடு மாதிரி சார்." "மெதுவா நிமிரு." அவள் நிமிர நிமிர அந்தக் கோடு திறந்து நீள்வட்டமானது. கண் மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் இன்னும் அகலமாகத் திறந்து தெரியும். அப்படியானால் வாயைவிடக் கீழே இருக்கிற அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகத்தானே இருக்க வேண்டும்? பிள்ளைகள் அன்றைக்கு வரைந்த பானைகள் கோணல்மாணல்தான். ஆனால் ஒவ்வொன்றும் தரையில் உட்கார்ந்திருந்தது. நீள்வட்டத்தின் இரண்டு முனையும் கூர்மையாக முடியக் கூடாது, அங்கேயும் கோடு திரும்பித்தான் வர வேண்டும் என்பதை மட்டும் அன்று எத்தனை முறை சொன்னாரோ, எண்ணிக்கை இல்லை.

கலர் விஷயத்தில் பெற்றோர்கள் எல்லோரும் மாஸ்டர்மேல் கோபப்படுகிற காலம் ஒன்று உண்டு. பன்னிரண்டு பாட்டில் போஸ்டர் கலர் செட்டை வாங்கி அனுப்பியிருப்போம். அவர் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீட்டுக்கே திருப்பி அனுப்புவார். "காசு கொடுத்து வாங்கினதை வேஸ்ட் பண்ணச் சொல்றாரே அண்ணே" என்று ஒரு அம்மா என்னிடம் புலம்பினார். கருப்பு பாட்டிலை எடுத்தால் கையில் ஒரு தட்டு விழும். பித்தளைக் குடம் வரைந்த ஒரு பையன், நிழல் பக்கத்துக்கு மஞ்சளில் கருப்பைக் கலந்துவிட்டான். மஞ்சளில் கருப்பு சேர்ந்தால் பச்சைதான் வரும். மாஸ்டர் எட்டிப் பார்த்து, "குடத்தில பாசி பிடிச்சிருக்கு, போய்த் தேய்ச்சிட்டு வா" என்றார். வகுப்பே சிரித்தது. அப்புறம் மஞ்சளில் ஊதாவைத் துளித் துளியாகச் சேர்க்கச் சொன்னார். மஞ்சள் அணைந்து நல்ல பழுப்பாக இறங்கியது, குடமும் உருண்டு வந்தது.

நீலத்தில் இரண்டு ஜாதி இருக்கிறது என்பதையும் இங்கேதான் நானும் கற்றுக்கொண்டேன். அல்ட்ராமரின் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம். அதில் எலுமிச்சை மஞ்சளைக் கலந்தால் பச்சை மங்கலாக வரும், வேப்பிலை முதிர்ந்த நிறம். பிரஷ்யன் நீலத்தில் கலந்தால் பளிச்சென்ற பச்சை. ஊதாவுக்கு அல்ட்ராமரினும் கிரிம்சன் சிவப்பும். கிரிம்சனுக்குப் பதில் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த வெர்மிலியன் சிவப்பைப் போட்டால் சேற்று நிறம்தான் மிஞ்சும். கடையில் "நீலம் ஒன்று கொடுங்கள்" என்று வாங்குகிறோமே, அது எந்த நீலம் என்று பாட்டிலைத் திருப்பிப் படிக்கிற பழக்கம் என் மகளுக்கு வந்துவிட்டது. போஸ்டர் கலர் தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். அதைவிடக் கெட்டியாகப் பூசினால் காய்ந்ததும் வெடிக்கும், நீர்த்தால் பிரஷ் போன தடம் தெரியும். இன்னொன்று, இந்தக் கலர் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அடர்ந்த நிறம் வெளிறும், வெளிர் நிறம் ஒரு படி இறங்கும். அதனால் ஒவ்வொரு கலவையையும் ஒரு துண்டுத் தாளில் தடவிக் காயவிட்டுப் பார்த்த பிறகுதான் படத்தில் வைக்க விடுவார்.

நினைவிலிருந்து வரையும் பாடத்துக்கு மாட்டுங்கா. ஆஸ்திக சமாஜ் கோயில் பக்கத்துப் பூக்கடைகளுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்துவார். பென்சில், போன் எதையும் வெளியே எடுக்கக் கூடாது. பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வரைய வேண்டும். முதல் தடவை என் மகள் போட்டது பழைய ஜெராக்ஸ் பூக்காரியேதான். மாஸ்டர் திட்டவில்லை. கேள்வி மட்டும் கேட்டார். "நூல் எந்தக் கையில இருந்துச்சு? பூவை மடியில வெச்சிருந்தாங்களா, பலகையில வெச்சிருந்தாங்களா? தராசு எந்தப் பக்கம்?" ஒன்றுக்கும் பதில் இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் அனுப்பினார். இந்தத் தடவை வரைந்ததில் பூக்கட்டும் அம்மா காலை நீட்டி, நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தார். எந்த ஜெராக்ஸிலும் அது இல்லை.

டிசைன் பகுதிதான் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் நடந்த இடம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து அறையோடு நட்சத்திரம்போல இருக்கும் இல்லையா, அதை ஒரு சதுரத் தாளின் நடுவில் வரையச் சொன்னார். ஓரத்தைத் தொடக் கூடாது. பிறகு தாளை நெடுக்காக இரண்டாக வெட்டி, இடது பாதியை வலது பக்கமும் வலது பாதியை இடது பக்கமும் மாற்றி ஒட்டினார்கள். அடுத்து குறுக்காக வெட்டி மேல் கீழ் மாற்றினார்கள். இப்போது வெண்டைக்காய் நாலு மூலைக்குப் போய்விட்டது, நடுவில் காலியிடம். அந்தக் காலியிடத்தில் இலையோ காம்போ எதையாவது வரைந்தால், இந்தச் சதுரத்தை எத்தனை தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒட்டுத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பைகளுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணி அச்சும் இதே கணக்குதான். அத்தனை வருஷம் அந்தத் துணியை வெட்டியிருக்கிறேன், எப்படி ஓடுகிறது என்று இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன்.

வாக்குவாதம் ஃபர்மாவைப் பற்றி, அதாவது அளவுக்கு வெட்டி வைக்கும் அச்சட்டை. அட்டையில் ஒரு ஃபர்மா வெட்டிக்கொண்டு அதைச் சுற்றி வரைந்தால் எல்லா நட்சத்திரமும் ஒரே அளவாக வரும், எங்கள் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது என்றேன். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கை பழகுகிற வயதில் அட்டையைக் கொடுத்தால் கை அட்டையைத்தான் நம்பும் என்றார். என் கட்சி இன்னும் அதேதான். டிசைன் என்பது ஒரு பொருளை நூறு முறை அதே அளவில் செய்ய வழி பண்ணுவதும்தான், அதை எட்டாவதிலேயே சொல்லிக் கொடுக்கலாம். "அப்ப நீயே வந்து சொல்லிக் கொடு" என்று ஒரு ஞாயிறு எனக்குக் கொடுத்துவிட்டார். போய், தடித்த தாளில் சின்னக் கைப்பை ஒன்றுக்கு முன், பின், பக்கப்பட்டி மூன்றையும் வெட்டிக் காட்டினேன். பிள்ளைகள் தாங்களே அளவெடுத்து வெட்டினார்கள். பாதிப் பேர் தையலுக்கு விட வேண்டிய இடத்தை மறந்துவிட்டார்கள். ஒட்டி முடித்தால் உள்ளே வைக்க நினைத்த டிபன் பாக்ஸ் போகவில்லை. மாஸ்டருக்கு ஏக சந்தோஷம். அடுத்த வாரம் அந்தப் பைகளையே நடுவில் வைத்து வரைய வைத்தாராம். ஃபர்மா மட்டும் இன்னும் வகுப்புக்குள் வரவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை டவுனுக்கு ரயிலில் கூட்டிப்போகிறார். சயானிலிருந்து சி.எஸ்.எம்.டி., அங்கிருந்து நடை. ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியில் நுழைவுக் கட்டணம் இல்லை, அதனால் அது நிச்சயம் உண்டு. ஆனால் பிள்ளைகள் வீட்டில் வந்து பேசியது கிராஃபோர்ட் மார்க்கெட்டைப் பற்றி. 1869-ல் கட்டிய மார்க்கெட். வாசலுக்கு மேலே கல்லில் விவசாயிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். பழம் வாங்கப் போகிறவர்கள் யாரும் தலையை நிமிர்த்துவதில்லை, நான் உட்பட. அந்தச் செதுக்கலை வடிவமைத்தவர் லாக்வுட் கிப்ளிங், அருகிலேயே இருக்கிற ஜே.ஜே. கலைப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். பள்ளி 1857-ல் தொடங்கியது. வாத்தியார் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்துச் சந்தையிலேயே அவர் கைவேலை இன்றைக்கும் நிற்கிறது என்பதைச் சொல்லும்போது நம் மாஸ்டருக்குக் குரலே மாறிவிடுமாம்.

சரி, குறைகள். இடம் ரொம்பச் சின்னது. மே மாதம் கரண்ட் போனால் உட்கார முடியாது, கலர் காய்வதற்கு முன்னால் வியர்வை சொட்டுகிறது. ஒரே பாத்ரூம், அதுவும் வீட்டுக்காரர்களோடு பொது. பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். நேரத்தில் மகா கறார், எட்டு மணி என்றால் எட்டு மணி, பத்து நிமிஷம் தாமதமானால் திருப்பி அனுப்பிவிடுவார். 2024 ஆகஸ்டில் சயான் மேம்பாலத்தை மூடியபோது தாராவிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அலைச்சல் கூடியது. பாலத்தைக் காரணம் சொன்னாலும் அவரிடம் எடுபடவில்லை. பணம் கையில்தான், போனில் அனுப்புகிற பேச்சே இல்லை. மாதம் 800 ரூபாய் என்பது இந்தப் பக்கத்துக்குக் குறைவுதான்.

பெரிய குறை ஜியோமெட்ரி. அது ஒரு முழுத் தாள், மார்க்கைக் கூட்டவும் கெடுக்கவும் அதனால் முடியும். மாஸ்டருக்கு அதில் மனம் ஒட்டவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. இன்டர்மீடியட்டில் வரும் திண்ம உருவங்களை, அதாவது கூம்பு, பட்டகம் எல்லாம் மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னாலிருந்து பார்த்தால் எப்படி என்பதை, பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவசர அவசரமாக ஓட்டுகிறார். எழுத்து வடிவத்தை மட்டும் ரசித்துச் சொல்லித்தருகிறார். தமிழ்ப் பிள்ளைகளைத் தாராவிக் கடைப் பலகைகளைப் பார்த்துவிட்டு வந்து தமிழ் எழுத்தையும் கட்டம் போட்டு எழுதவைக்கிறார். பரீட்சைக்கு அது உதவாது. ஆனால் அட்டையில் அந்த எழுத்தைப் பார்த்த என் அப்பா, எடுத்து பீரோ கதவில் ஒட்டிவிட்டார்.

கம்ப்யூட்டரில் டிசைன், பன்னிரண்டாவதுக்கு மேல் டிசைன் படிப்பில் சேர எழுதும் நிஃப்ட், யுசீட் (ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துவது) மாதிரியான நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாரிப்பு, இதெல்லாம் இங்கே கிடைக்காது. அவர் அதைச் சொல்லியே சேர்க்கிறார். ஏழு மார்க் மட்டும் போதும், ஞாயிற்றுக்கிழமை வேறு டியூஷன் இருக்கிறது, சீக்கிரம் முடிய வேண்டும் என்பவர்களுக்கு ஜெராக்ஸ் கிளாஸே மேல். இங்கே முதல் நான்கைந்து மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுகிறமாதிரி ஒரு படம்கூட வராது. உறவுக்காரர்கள் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் இங்கே சேர்த்துவிடுங்கள். இன்டர்மீடியட்டை என் மகள் இந்த வருஷம் எழுதப்போகிறாள், ஏ வருமா பி வருமா தெரியாது. வீட்டுக் குக்கரை இப்போது வரைந்தால் அது எங்கள் வீட்டுக் குக்கர்தான்.

சேர்ப்பவர்களுக்கு: பள்ளி திறக்கும் ஜூன் நடுவிலேயே போய்ப் பேசிவிடுங்கள், ஜூலையில் இடம் இருக்காது. கலர் செட் முன்கூட்டியே வாங்காதீர்கள். தாதர் கடைகளில் கார்ட்ரிட்ஜ் தாளைக் கால் இம்பீரியல் அளவில், அதாவது 11க்கு 15 அங்குலம், மொத்தமாக வெட்டி வாங்கினால் மலிவு. 2பி, 4பி பென்சில், ஆறாம் நம்பர் உருண்டை பிரஷ் ஒன்று, தட்டை பிரஷ் ஒன்று போதும். ஜியோமெட்ரிக்கு மட்டும் ஆகஸ்டிலேயே தனியாக ஒரு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன் கிடைத்தான், சம்பளம் வாரம் ஒரு பிளேட் மட்டன் பிரியாணி.